உருகாத சாக்லேட்டுக்கு ஒரு வாழ்த்துமடல்

எங்கள் செயலாளரை முதலில் வாழ்த்தி முடித்துவிட்டுத்தான் சாக்லேட்டுக்கு வர வேண்டும். எதற்கும் ஒரு முறை இருக்கிறது.

கல்லூரி முடித்து இருபத்தெட்டு வருஷமான ஐந்து பேரை ஒரே காரில் ஏற்றுவது லேசான காரியமில்லை. செயலாளர் ஏப்ரல் மாதமே வாட்ஸ்அப் குழுவில் தேதி குறிக்க ஆரம்பித்தார். எட்டுத் தேதிகள் முன்மொழிந்தார். எட்டிலும் அவருக்கே வேலை வந்துவிட்டது. ஒன்பதாவதாகச் சொன்ன ஜூன் ஞாயிற்றுக்கிழமையில் மற்ற நால்வருக்கும் வேலை இருந்தது. ஆகவே அது உறுதியானது. காலை நாலரைக்குக் கோவை காந்திபுரத்தில் நிற்க வேண்டும், ஒரு நிமிஷம் பிந்தினாலும் வண்டி நிற்காது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொன்னபடியே வண்டி நிற்கவில்லை, வந்தால்தானே நிற்பதற்கு. ஆறரைக்கு வந்தார். அதற்குள் நாங்கள் நால்வரும் மூன்று சுற்று டீ குடித்து, பெண்டு பிள்ளைகள் நலம், யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு என்று எல்லாம் விசாரித்து முடித்திருந்தோம். பயணத்தில் பேச வேண்டியதை முன்னாலேயே பேசித் தீர்க்கவைத்து, காரில் தாம் மட்டும் பேசுவதற்கு இடம் ஒழித்துக்கொண்ட முன்யோசனை எத்தனை பேருக்கு வரும்!

கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் நீலகிரி ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். செயலாளர் மறக்காமல் எடுத்திருந்தார், தம் மச்சானுடைய கார் எண்ணுக்கு. பின்னால் வந்த முப்பது வண்டிக்காரர்களும் ஹாரன் அடித்து அவரை வாழ்த்த, ஓரமாக நிறுத்தி மறுபடி பதிந்தோம். அந்த இடைவேளையில் எங்கள் தண்ணீர் பாட்டில்களையும் வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள்; மலையில் அந்த பிளாஸ்டிக்குக்குத் தடை. பர்லியாறில் சாலையோரம் மங்குஸ்தான் குவித்து வைத்திருந்தார்கள். நிறுத்தச் சொன்னோம். "ஷெட்யூல் கெட்டுப்போயிரும்" என்றார். காலையிலேயே இரண்டு மணி நேரம் கெட்டுப்போன ஷெட்யூலை அதற்கு மேல் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிய அந்தப் பொறுப்புணர்ச்சிக்கு முன்னால் மங்குஸ்தான் எம்மாத்திரம்.

நாங்கள் போனது சாக்லேட் அருங்காட்சியகம். ஊட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் அப்படிப் பலகை மாட்டிய இடம் ஒன்றல்ல. எது என்று சொல்ல மாட்டேன். ஒருவரை மட்டும் புகழ்ந்தால் மற்றவர்கள் மனம் நோகும்.

முதலில் அந்த ஊரின் துணிச்சலைச் சொல்ல வேண்டும். கோக்கோ மரம் பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் இருபது பாகை, அந்தப் பக்கம் இருபது பாகைக்குள் மட்டும் வாழ்கிற பிறவி. சூடு வேண்டும், ஈரம் வேண்டும், தலைக்கு மேலே நிழலும் வேண்டும். ஊட்டியோ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். அங்கே கோக்கோ கன்றை நட்டால் அடுத்த பொங்கலைப் பார்க்காது. இப்படி மரம் எட்டிக்கூடப் பார்க்க முடியாத ஊரில், கடைக்குக் கடை, வர்க்கிக்கும் நீலகிரித் தைலத்துக்கும் நடுவில், 'ஹோம் மேட் சாக்லேட்' மலைமலையாகக் குவிந்திருக்கிறது. சுவிட்சர்லாந்திலும் மரம் கிடையாதே என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் பாவம், விதையைக் கப்பலில் வரவழைத்து, வறுத்து, அரைத்து மாரடிக்கிறார்கள். ஊட்டியில் பெரும்பாலோர் அந்த வெட்டி வேலையை விட்டுவிட்டார்கள். அட்டைப்பெட்டியில் கட்டியாக வருகிறது. உருக்கி, அச்சில் ஊற்றி, மேலே ஒரு முந்திரியை அழுத்துகிறார்கள். வீட்டில் செய்தது என்பதில் பொய்யே இல்லை, உருக்கியது வீட்டில்தானே. விதையிலிருந்தே செய்கிறவர்கள் மலையில் சிலர் இருக்கிறார்கள் என்று கேள்வி. அவர்கள் இந்த வாழ்த்துமடலுக்குத் தகுதியில்லாதவர்கள், அவர்களை விட்டுவிடுவோம்.

ஆளுக்கு நூறு ரூபாய் டிக்கெட். உள்ளே நுழைந்ததும் மாயன் மன்னர் ஒருவர் கையில் கிண்ணத்தோடு வரவேற்கிறார். முந்தைய பிறவியில் ஏதோ துணிக்கடை வாசலில் சட்டை மாட்டிக்கொண்டு நின்றவர் என்பது அவருடைய ரோஜாநிறக் கன்னத்திலும், ஒருபக்கமாகச் சாய்ந்த இடுப்பிலும் தெரிந்தது. மூக்கு நுனியில் பெயிண்ட் உதிர்ந்து வெள்ளை எட்டிப் பார்த்தது. தலையில் கோழி இறகு. மத்திய அமெரிக்கக் காட்டையும் திருப்பூர் பனியனையும் ஒரே உடம்பில் இணைத்துக் காட்டுகிற இந்த உலகப் பார்வை, மெக்சிகோவின் பெரிய அருங்காட்சியகங்களுக்கே வாய்த்திருக்காது.

அடுத்த சுவர் வரலாறு. வான் ஹூட்டன் குடும்பம் கோக்கோவைப் பிழிந்து வெண்ணெயைத் தனியாகப் பிரிக்கும் அழுத்தி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1828-ல். பலகையில் 'கி.மு. 1828' என்று இருந்தது. மூவாயிரத்து அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கூடுதல் பழமையை ஒரே புள்ளியில், இல்லை, இரண்டு எழுத்து இரண்டு புள்ளியில், ஒரு டச்சுக் குடும்பத்துக்குத் தாரை வார்த்த கை எவ்வளவு தாராளமானது! எங்கள் பேங்குக்காரன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "அப்படீன்னா மோகஞ்சதாரோ காலத்துலயே கோக்கோ பவுடர் இருந்திருக்குடா" என்றான். அவன் கடன் மனுவைக்கூட இவ்வளவு உன்னிப்பாகப் படித்திருக்க மாட்டான். பிரிஸ்டலில் ஃப்ரை கம்பெனி முதல் சாக்லேட் கட்டியை வார்த்தது 1847, சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் பாலைச் சேர்த்தது 1875, ருடால்ஃப் லிண்ட் மணிக்கணக்கில் அரைத்து மழமழப்பாக்கியது 1879. இந்த மூன்றும் அங்கே கி.பி.யிலேயே நடந்திருந்தன. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று தெரியவில்லை.

'அந்தக் காலத்தில் கோக்கோ விதையே பணம்!' என்று ஒரு பலகை. அதோடு நிறுத்தியிருந்தார்கள். அடக்கம் காரணமாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் மிச்சக் கதை அருங்காட்சியகத்தின் சொந்தக் குலப்பெருமை. மெக்சிகோவில் ஆஸ்டெக்குகளின் காலத்தில் கோக்கோ விதைகளை எண்ணிக் கொடுத்துச் சந்தையில் சாமான் வாங்கினார்கள். பணம் என்று ஒன்று இருந்தால் கள்ளப்பணமும் இருக்கும். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த பெர்னார்டினோ தெ சாகூன் என்ற ஸ்பானியத் துறவி, நாணயமில்லாத கோக்கோ வியாபாரி எப்படியெல்லாம் போலி விதை செய்வான் என்று விவரமாக எழுதி வைத்திருக்கிறார்: கீரைவிதை மாவைப் பிசைந்து, மெழுகைச் சேர்த்து, அவகாடோ கொட்டையை நறுக்கி, விதைத் தோலுக்குள் திணித்து விற்பானாம். ஆக, மெழுகையும் மாவையும் கோக்கோ என்று கைமாற்றுவது ஏறக்குறைய ஐந்நூறு வருஷ மரபு. அந்த மரபைக் காக்கும் ஒரு நிறுவனம் அதைத் தன் சுவரில் எழுதித் தம்பட்டம் அடிக்காமல், பின்கட்டில் செயலில் மட்டும் காட்டுகிறது என்றால் அதுவல்லவா பெருந்தன்மை.

இந்தியப் பகுதியை நான் தேடினேன். குற்றாலத்தில் 1798-லேயே ஆங்கிலேயர்கள் கோக்கோ நட்டுப் பார்த்தார்கள் என்பதோ, இன்று ஆந்திரத்திலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் நம் பொள்ளாச்சிப் பக்கமும் தென்னைக்கும் பாக்குக்கும் இடையில் அது காய்க்கிறது என்பதோ எந்தச் சுவரிலும் இல்லை. இடம் போதவில்லை. அந்த இடத்தில் இரண்டு பெரிய தேவதைச் சிறகுகள் வரைந்திருந்தார்கள். நடுவில் நின்றால் நமக்குச் சிறகு முளைத்தது போல் செல்ஃபி வரும். செயலாளர் பதினோரு படம் எடுத்துக்கொண்டார். நூற்றிருபது கிலோ எடையை இரண்டு சாக்லேட் நிறச் சிறகுகள் தூக்கி நிற்கும் அந்தக் காட்சிக்கு முன்னால் 1798 என்ன பிரமாதம்.

உலக வரைபடமும் ஒன்று இருந்தது. ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளுக்கும் பழுப்பு வண்ணம் தீட்டி, உலகக் கோக்கோவில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சிறுவன் கோக்கோ காயைக் கையில் ஏந்திச் சிரிக்கும் படம். கீழே, 'இயற்கையோடு இணைந்த இனிய வாழ்வு'. 2001-ல் அமெரிக்காவில் பெரிய சாக்லேட் கம்பெனிகள் சேர்ந்து, இந்தத் தோட்டங்களில் குழந்தை உழைப்பின் கொடிய வடிவங்களை 2005-க்குள் ஒழிப்போம் என்று கையெழுத்துப் போட்டன. 2020-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்துச் சொன்னபோது இரு நாடுகளிலும் சேர்த்து 15 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகள் கோக்கோ வேலையில் இருந்தார்கள். அந்தப் பையனுடைய இன்னொரு கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. படத்தை முழங்கைக்கு மேலேயே அழகாக வெட்டிச் சட்டம் போட்டிருந்தார்கள். குழந்தைகள் வந்து போகிற இடம் அல்லவா, பொறுப்பு வேண்டாமா.

கூட்டத்தில் நான்காமவனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவனை நாங்கள் 'தோப்பு' என்று கூப்பிடுவோம். ஆனைமலைப் பக்கம் ஏழு ஏக்கர் தென்னந்தோப்பு. தென்னைக்கு இடையில் கோக்கோ போட்டிருக்கிறான். பத்து வருஷமாக, "ஒரு நாளைக்குத் தோப்புக்கு வாங்கடா, ஒரு கட்டு கட்டலாம், கோக்கோ பழத்த உடைச்சுத் தர்றேன்" என்று அழைத்துக்கொண்டிருக்கிறான். கோவையிலிருந்து ஒன்றரை மணி நேரம். இ-பாஸ் கிடையாது, டிக்கெட் கிடையாது, கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூடக் கிடையாது. இப்படி எந்தத் தடையும் இல்லாத இடத்துக்குப் போவதில் என்ன பெருமை? ஆகவே நாங்கள் போனதில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு, அவன் பங்கு பெட்ரோலையும் வாங்கிக்கொண்டு, கோக்கோ மரம் காட்ட ஊட்டிக்கு வந்தோம்.

மரம் ஹாலின் நடுவில் நின்றது. ஃபைபர் அடிமரம், பச்சை பிளாஸ்டிக் இலை, கிளை நுனிகளில் மாங்காய் மாதிரி மஞ்சள் காய்கள் ஆடிக்கொண்டிருந்தன. தோப்பு அதைச் சுற்றி ஒருமுறை வந்தான்.

"காய் கெளை நுனீல தொங்காது மாப்ள" என்றான் மெதுவாக. "அடிமரத்துலயே ஒட்டீட்டுக் காய்க்கும், பலா மாதிரி."

"டேய், மியூசியம் வெச்சவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றார் செயலாளர்.

தோப்பு அதற்குப் பதில் சொல்லவில்லை. மரத்தடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் உண்மையான விதைகள் கொஞ்சம் இருந்தன. 'முகர்ந்து பாருங்கள்' என்று அட்டை. முகர்ந்தோம். பழைய பீரோ வாசம் வந்தது. தோப்பு ஒரு விதையை எடுத்தான். கட்டைவிரல் நகத்தை நீளவாக்கில் கொடுத்து ஒரு திருகு. விதை இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஸ்லேட்டுப் பலகை மாதிரிச் சாம்பல் நிறம், ஒரு வெடிப்பில்லாமல், இறுக்கமாக. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது புளிக்கவே வெக்கல. பறிச்சு அப்படியே காயப் போட்டிருக்காங்க. நல்லாப் புளிச்சிருந்தா உள்ள தவிட்டு நிறமா, வெடிச்சு வெடிச்சு இருக்கும்."

காயை உடைத்தால் விதைகள் சீத்தாப்பழச் சுளை மாதிரி வெள்ளைச் சதையோடு இருக்குமாம். அப்படியே குவித்து, வாழை இலை போட்டு மூடி, நடுநடுவே கிளறி, ஆறு நாள் வைப்பார்களாம். சதை புளித்து வழிந்தோடும். குவியலுக்குள் சூடு 45 டிகிரிக்கு மேலே ஏறும். விதை செத்து, அதற்குள் சாக்லேட் மணத்துக்கான சங்கதிகள் பிறக்கும். பிறகுதான் வெயில். புளிக்காத விதையை எந்த ஊர் இயந்திரத்தில் போட்டு அரைத்தாலும் கசப்பும் துவர்ப்பும்தான் மிச்சம். அணிலுக்கும் எலிக்கும் தப்பிய காயில்தான் இத்தனையும். இதையெல்லாம் தோப்பு பல வருஷமாக போனில் சொல்லிக்கொண்டு வருகிறான். நாங்களும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "ம்... ம்..." என்று சொல்லியபடி வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆழ்ந்து கேட்டிருக்கிறோம்.

சீருடை அணிந்த ஒரு பெண் ஓடி வந்தார். இருபது வயது இருக்கும், பாவம். "சார், அதத் தொடக் கூடாதுங்க. அனுபவம் இல்லாதவங்க கையில எடுத்தா உடைஞ்சு போயிருமுங்க."

தோப்பு, "மன்னிச்சுக்குங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு, பிளந்த ஒரு பாதியைக் கிண்ணத்தில் போட்டான். இன்னொரு பாதி சட்டைப்பைக்குள் போனது. கோக்கோவை ஆண்டு முழுக்கப் பறித்து, உடைத்து, உலர்த்தி விற்கிறவனிடமிருந்து கோக்கோவைக் காப்பாற்றிய அந்தக் காவல் திறமையை நேரில் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தோம். எங்களில் ஒருவரும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது.

அடுத்த அறையில் லிண்ட் கண்டுபிடித்த அரைக்கும் இயந்திரத்தின் மாதிரி. தெர்மாகோலில் செய்து வெள்ளிப் பெயிண்ட் அடித்து, மேலே சிவப்பு விளக்குப் போட்டு, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. தொண்டைமானின் ஆயுதச்சாலையில் பீலி சூட்டி, நெய் பூசிப் பளபளத்த வேல்களைப் பார்த்த ஔவை என்ன மனநிலையில் நின்றிருப்பாள் என்று எனக்கு அப்போது புரிந்தது. அதே நேரம் என் பக்கத்தில் நின்ற ஐந்தாமவனைப் பார்த்தேன். அவன் பெயர் 'கிரைண்டர்'. கணபதியில் ஒரு சின்னப் பட்டறை. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விதையிலிருந்தே சாக்லேட் செய்கிற சிறு பட்டறைக்காரர்கள் கோக்கோ அரைக்க வாங்கி வைத்திருப்பது அந்த வகைக் கல் கிரைண்டரைத்தான் என்பது அவ்வளவாகத் தெரியாது. மோட்டாரையும் உருளையையும் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பார்கள். நம் வீட்டில் இட்லி மாவுக்கு அரை மணி நேரம் சுற்றுகிற கல், அங்கே கோக்கோவையும் சர்க்கரையையும் போட்டால் இரண்டு நாள், மூன்று நாள் இடைவிடாமல் சுற்றும்.

"நம்ம ஊர்க் கல்லுல அரைச்சுத்தான்டா அங்க வித்துட்டிருக்காங்க" என்று கிரைண்டர் ஆரம்பித்தான். செயலாளர் அவனைக் கயிற்றுக்கு முன்னால் நிறுத்தி, "சிரி" என்றார். சிரித்தான். படம் நன்றாக வந்திருக்கிறது.

அப்புறம் 'நேரடிச் செய்முறை'. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மாஸ்டர், வெள்ளைத் தொப்பி, கையுறை. உண்மையான சாக்லேட்டை அச்சில் வார்ப்பது என்பது ஒரு தொல்லை பிடித்த கலை. 45 டிகிரிக்குக் கொண்டுபோய் உருக்கி, 27, 28-க்கு இறக்கி, மறுபடி 31, 32-க்கு ஏற்ற வேண்டும். ஒரு டிகிரி பிசகினால் மேலே சாம்பல் பூத்தது போல் ஆகிவிடும், ஒடித்தால் 'டக்'கென்று சத்தம் வராது. கோக்கோ வெண்ணெயின் படிகங்கள் அவ்வளவு முன்கோபக்காரர்கள். நம் மாஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு கட்டியை உடைத்து மைக்ரோவேவில் வைத்தார். எடுத்தார், கலக்கினார், ஊற்றினார், முந்திரியைத் தூவினார், கை தட்டினோம். நாலு நிமிஷம். இருநூறு ஆண்டு ஐரோப்பியத் தொழில்நுட்பத்தை நாலு நிமிஷமாகச் சுருக்கியவருக்குக் கை தட்டாமல் வேறு யாருக்குத் தட்டுவது?

அவர் கிழித்துப் போட்ட உறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குப்பைத்தொட்டியின் விளிம்பில் தொங்கியது. எனக்குப் படிக்கிற பழக்கம் விடாது. 'டார்க் கம்பவுண்ட்' என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில்: சர்க்கரை, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, கோக்கோ பவுடர், 322, 476. அந்த வளாகத்தில் பிழையில்லாமல் அச்சான ஒரே பலகை அதுதான். அதற்கும் ஒரு விளக்குப் போட்டிருக்கலாம்.

இந்தக் கொழுப்பு விஷயத்தில் ஐரோப்பியர்கள் எவ்வளவு அற்பமாக நடந்துகொண்டார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பிரிட்டன் 1973-ல் ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்தது. அவர்கள் சாக்லேட்டில் கோக்கோ வெண்ணெயோடு வேறு தாவரக் கொழுப்பும் கொஞ்சம் கலப்பார்கள். அதைச் சாக்லேட் என்று சொல்லலாமா, கூடாதா என்று பெல்ஜியமும் பிரான்சும் குதித்தன. ஏறக்குறைய முப்பது வருஷச் சண்டைக்குப் பிறகு 2000-ல் ஓர் உத்தரவு வந்தது: குறிப்பிட்ட சில கொழுப்புகள், அதுவும் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, உறையில் எழுதியே தீர வேண்டும். வெறும் 5 சதவீதத்துக்கு முப்பது வருஷம்! எங்கள் அருங்காட்சியகம் கோக்கோ வெண்ணெய்க்கு ஒரேயடியாக விடைகொடுத்துவிட்டு, ஒருவரோடும் சண்டைக்குப் போகாமல், உறையை மட்டும் குப்பைத்தொட்டியில் போட்டுச் சமாதானமாக வாழ்கிறது.

ருசிபார்க்க ஆளுக்கொரு துண்டு. பல்குத்தியில் குத்தி நீட்டினார்கள். கட்டைவிரல் நக அளவு. வாயில் போட்டுக்கொண்டு நின்றோம். கோக்கோ வெண்ணெய் என்பது மிகவும் பலவீனமான வஸ்து. 34 டிகிரி ஆனதும் உருகிவிடும். மனித வாயின் சூடு பட்டாலே கரைந்து, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். நாங்கள் தின்றது அப்படிப்பட்ட கோழை இல்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இருந்தது. இரண்டு நிமிஷம் ஆயிற்று, இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குக் குடிபெயர்ந்ததே தவிரக் கொள்கையில் மாற்றமில்லை. கடைசியில் கடித்து விழுங்கினோம். அப்போதும் மேலண்ணத்தில் மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொண்டு விசுவாசம் காட்டியது. குன்னூர் இறங்கி, சூடாக டீ குடித்த பிறகும் நாக்கால் தடவினால் அது இருந்தது.

"நல்லா நிக்குதுடா" என்றான் பேங்குக்காரன். வைப்புநிதி பற்றிச் சொல்வது போலவே சொன்னான்.

வெளியேறும் வழி கடை வழியாகத்தான். வேறு வழி வைக்கவில்லை. வழி தவறிவிடக் கூடாதே என்ற அக்கறை. உலர் திராட்சை, பாதாம், பிளாக் கரண்ட், ரம் வாசனை, வெள்ளை, இரட்டை நிறம் என்று தட்டுத் தட்டாக நிறுத்துக் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கோக்கோ டன் 12,000 டாலரைத் தாண்டிய சேதி எங்களுக்குத் தெரியும்; அதற்கு முன் பல வருஷம் இரண்டாயிரம், மூவாயிரத்தில் கிடந்த சரக்கு. மேற்கு ஆப்பிரிக்காவில் மழை கெட்டு, மரத்துக்கு நோய் வந்து, உலகமெங்கும் சாக்லேட்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இந்தக் கடையில் அந்தக் கலக்கத்தின் நிழல்கூட விழவில்லை. கோக்கோவை அதிகம் நம்பாதவனுக்குக் கோக்கோ விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. செயலாளர் எங்கள் எல்லாருக்கும் சேர்த்து, ஒருவரையும் கேட்காமல், நாலு கிலோ வாங்கினார். பேரம் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும்: விலை குறையவில்லை, ஆனால் ஒரு துணிப்பை இலவசம்.

இறங்கும்போது மேட்டுப்பாளையத்தில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. டேஷ்போர்டின் மேல் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டோம். இருபது நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் மூலை மழுங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. எல்லாரும் வியந்தோம். காசு எடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிட்ட தோப்பின் விரலில் அந்தப் பாதி விதை வந்தது. ஒரு நிமிஷம் பார்த்தான். சாலையோரப் புங்கமரத்தடியில் போட்டான்.

"இப்பத்தான் தோப்புல பறிப்பு நடக்குது" என்றான். "வர்ற ஞாயித்துக்கெழமை வந்தீங்கன்னா..."

"குரூப்புல போடு, தேதி பாக்கலாம்" என்றார் செயலாளர்.

போட்டான். அன்றிரவே வாழை இலை மூடிய குவியல் ஒன்றின் படம் வந்தது. ஓரத்தில் இலையை விலக்கியிருந்தான், விதைகளின் மேல் ஆவி பறந்தது. நாங்கள் நால்வரும் ஒரு நிமிஷத்துக்குள் கட்டைவிரல் காட்டினோம். அதற்குக் கீழேயே செயலாளர் கணக்கை ஏற்றினார்: பெட்ரோல், டிக்கெட், சாப்பாடு, நாலு கிலோ சாக்லேட், ஐந்தால் வகுத்தால் தலைக்கு 1,344 ரூபாய், ஜிபே செய்யவும். முதலில் அனுப்பியது தோப்புதான். உலர்ந்த விதைக்கு அவனுக்கு இந்த வருஷம் கிலோவுக்கு என்ன கிடைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. நண்பர்களுக்குள் பணம் பேசுவது அழகில்லை. கிரைண்டர் மட்டும் நாலு ரூபாயை விட்டுவிட்டு 1,340 அனுப்பியிருந்தான். செயலாளர் அதை இதுவரை மூன்று முறை நினைவுபடுத்தியிருக்கிறார்.